பன்னிரண்டாவது டி-ஷர்ட்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை ஆறரைக்கு மியூசியம் வளாகத்தில் கூடினோம். தூறல். தும்பி ஒன்றுகூட எழும்பவில்லை, அதனால் பேச்சு வளர்ந்தது. அக்டோபரில் போனக்காட்டு மலைக்குத் தும்பிகளைக் கணக்கெடுக்கப் போகும்போது கிள்ளியாறு தும்பிக் குழுவின் பதினொரு பேரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொள்ள வேண்டுமாம். முன்பக்கம் தும்பி, முதுகில் அவரவர் பெயர். ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தால் அச்சடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

யார் பொறுப்பு என்று வந்ததும் தலைவர் ஹரிகுமார் சார் என் பக்கம் கையைக் காட்டினார். “பாகீரதி டீச்சர்தான் சரி. அவங்களை யாரும் பற்றிக்க முடியாது.”

என்னை யாரும் ஏமாற்ற முடியாதாம். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்க வேண்டும்? போன வருஷம் நான் பட்டுப்புடவைக்குப் பணம் கட்டி, பார்சலில் இரண்டு கைக்குட்டை வந்த கதை இவர்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இவரிடம் கேட்டேன். “நான் யாருகிட்டயும் சொல்லலே” என்றார். பேப்பரைத் தாழ்த்தாமல் சொன்னார்.

ஆகஸ்ட் 21, புதன்

நாலு வெப்சைட் பார்த்தேன். திருப்பூர்க்காரன் ஒன்று மலிவாகவும் இருக்கிறது, படமும் நன்றாக இருக்கிறது. ஆனால் போன் நம்பர் கிடையாது. வாங்கினவர்கள் எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி. நாற்பது பேரும் “அருமையான அனுபவம்” என்று ஒரே வார்த்தையிலா தொடங்குவார்கள்? முகவரியை மேப்பில் போட்டால் தென்னந்தோப்பில் போய் நிற்கிறது.

அரட்டைப் பெட்டியில் ரியா என்று ஒருத்தி வருகிறாள். எதைக் கேட்டாலும் அரை நொடியில் “உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி”.

எனக்கு இவளைப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

படம் தயார். கிரீஷ் வரைந்து கொண்டுவந்தான். மலையாளம் பேசுகிற பையன், குழுவுக்குப் புதுசு, மூன்று மாதம்தான் ஆகிறது. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை, இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது இருக்கும். இரண்டு வருஷம் முன்னால் போனக்காட்டு ஓடையில் ஹரிகுமார் சார் கண்டுபிடித்த தும்பியைத்தான் வரைந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் பதிவு செய்யாத தும்பி. நாங்கள் கருங்கழுத்தி என்று பெயர் வைத்தோம். ஆண்டறிக்கையில் ‘கண்டவர்: ஹரிகுமார்’ என்று சாரின் போட்டோவோடு வந்தது. அந்த போட்டோவை வைத்துக்கொண்டு கம்பி கம்பியாக இறக்கை நரம்பு முதற்கொண்டு வரைந்திருக்கிறான். கெட்டிக்காரன்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். நான் பேசுவதை அவன் வாய்க்குள்ளே திருப்பிச் சொல்லிப் பார்க்கிறான். இன்றைக்கு நான் “மழை வரும் போலிருக்கு, குடை எடுத்துண்டு வரலே” என்றேன். இரண்டடி பின்னால் “எடுத்துண்டு வரலே” என்று மெல்லக் கேட்டது. கரமனை அக்ரஹாரத்துக்காரி பேச்சு அவனுக்குக் கேலியாக இருக்கிறதாக்கும்.

பெயரும் அளவும் நிரப்ப ஒரு ஃபாரம் செய்து குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டேன். யார் என்ன நிரப்புகிறார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 28, புதன்

பதினொரு பேர். ஃபாரத்தில் பன்னிரண்டு வரி.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கடைசி வரி: ‘உலகம்மை. L.’ மற்ற எல்லாரும் இங்கிலீஷில் அடித்திருக்கிறார்கள். இது மட்டும் தமிழில்.

உலகம்மை என்று எங்கள் குழுவில் யாரும் இல்லை. எங்கள் தெருவில் இல்லை. எனக்குத் தெரிந்த யாருக்கும் அப்படி ஒரு பெயர் இல்லை.

பெயரைச் சொல்லாமல் “பன்னிரண்டாவதாக ஒருவர் நிரப்பியிருக்கிறார், யார்?” என்று மட்டும் குழுவில் கேட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கிரீஷ் மட்டும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஹரிகுமார் சாருக்குப் போன் செய்தேன். ஃபாரத்தில் ஒரு பேர் கூடுதலாக வந்திருக்கிறது என்று சொன்னேன். 

“அது யாராவது சும்மா தமாஷுக்குச் செய்ததா இருக்கும் டீச்சர். உலகம்மைன்னு நம்ம கூட்டத்துல ஆரும் இல்ல. அதை வெட்டிக் களைஞ்சிருங்க.”

சரி என்று வைத்துவிட்டேன். அந்த வரியையும் அழித்துவிட்டு, அழித்ததாகக் குழுவில் போட்டேன். பால் காய்ச்சும்போதுதான் உறைத்தது.

நான் பெயரைச் சொல்லவே இல்லையே?

ஆகஸ்ட் 31, சனி

சொல்லவில்லை. நிச்சயமாகச் சொல்லவில்லை. குழுவில் போட்டதை மறுபடி படித்தேன், அதிலும் இல்லை. போனில் ‘ஒரு பேர்’ என்றுதான் சொன்னேன்.

அப்படியானால் சாருக்கு உலகம்மையைத் தெரியும். தெரிந்துகொண்டே இல்லை என்கிறார். ஏன்? அறுபத்திரண்டு வயது, பாங்கு மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், பேத்தியைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். சீ, என்னவெல்லாம் தோன்றுகிறது.

இவரிடம் சொன்னேன். “டி-ஷர்ட் வாங்கச் சொன்னா நீ சிபிஐ வேலை பாக்கறே” என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது.

‘உலகம்மை. L.’ இந்தத் தடவை குறிப்புக் கட்டத்திலும் எழுதியிருக்கிறது: ‘முழுக்கை வேண்டும். அட்டை கடிக்கும்.’

என்னோடு விளையாடுகிறார்கள். நான் அழித்தது தெரிந்து, மறுபடி போட்டு, அதில் ஒரு கிண்டலும். அட்டை கடிக்குமாம்!

தமிழில் அடித்திருக்கிறது. குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் போனில் தமிழ் அடிக்கிறவர் யார்? ஹரிகுமார் சார் இங்கிலீஷ். வேலப்பன் அண்ணாச்சி போனில் எழுதி நான் பார்த்ததே இல்லை. அவர் உண்டு, அவர் வேன் உண்டு, சாலைக் கடைத்தெருவில் அவர் ஆட்டோ எலக்ட்ரிக் கடை உண்டு. மிச்சம் நானும் கிரீஷும். போன மாதம் கிரீஷ்தான் என்னிடம் வந்து, “சேச்சி, போனில் தமிழ் எழுத்து எங்ஙனெயா வருத்துக?” என்று கேட்டான். நானேதான் கீபோர்டு போட்டுக் கொடுத்தேன்.

வேறு என்ன வேண்டும்?

செப்டம்பர் 4, புதன்

வரியை அழித்தேன். ஃபாரத்தையும் பூட்டினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

புஞ்சைக்கரி வயலுக்குப் போனோம். வெயில் நல்ல வெயில். தும்பி ஏராளம். நான் ஒன்றையும் எண்ணவில்லை.

வரப்பில் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். பத்துப் பேர் முன்னால். “கிரீஷ், ஃபாரத்துல இல்லாத பேரைப் போட்டு விளையாடறது நீதானே?”

அவன் முதலில் புரியாத மாதிரி பார்த்தான். “ஞானல்ல சேச்சி.”

“பொய் சொல்லாதே. நான் பேசினா பின்னாடியே சொல்லிக் கேலி பண்றயே, அதையும் பாத்துண்டுதான் இருக்கேன்.”

அவன் முகம் சிவந்தது. மற்றவர்கள் இட்லிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலப்பன் அண்ணாச்சி எழுந்து வேன் பக்கம் போய்விட்டார். ஹரிகுமார் சார், “போட்டும் டீச்சர், விட்டிருங்க” என்றார்.

கிரீஷ் கை கழுவிவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் ஏறினான்.

சரியாகத்தான் கேட்டேன். கேட்க வேண்டியதுதானே? பின்னே என்ன?

செப்டம்பர் 9, திங்கள்

கிரீஷ் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து விலகிவிட்டான். எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருக்கிறான். படத்தை உபயோகித்துக்கொள்ளலாம், பிரச்சினை இல்லை. அவ்வளவுதான்.

செய்யாதவன் ஏன் விலக வேண்டும்?

செப்டம்பர் 10, செவ்வாய்

அந்த விலைக்கு வேறு யாரும் தரவில்லை, திருப்பூர்க்காரனிடமே ஆர்டர் கொடுத்து, ரசீதைக் குழுவில் போட்டேன். பதினொன்று. கிரீஷுடையதையும் சேர்த்துத்தான், பெயரை எடுத்தால் நான் பழிவாங்கினதாகச் சொல்வார்கள். ரியா அரை நொடியில் மகிழ்ச்சி தெரிவித்தாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஓணம் போயிற்று. ஒன்பது நாளாக ‘அச்சில் உள்ளது’ என்றே காட்டுகிறது. கைக்குட்டை சமயத்திலும் இப்படித்தான் ஒரே இடத்தில் நின்றது. ரியாவிடம் எட்டுத் தடவை கேட்டேன். எட்டுத் தடவையும் அவளுக்கு மகிழ்ச்சி.

செப்டம்பர் 20, வெள்ளி

ஸ்கூலில் ப்ளஸ் டூ லேப் நடக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். ஆண் குரல்.

“அக்கா, நான் திருப்பூர்ல இருந்து திரவியம் பேசுதேன். தட்டாம்பூச்சி பனியன் நீங்கதான?”

யார் கொடுத்தது என் நம்பரை என்று கேட்டேன். ஆர்டரில் நானே கொடுத்ததுதான். தூத்துக்குடிக்காரராம், அங்கே அச்சுப் பிரிவில் இருக்கிறாராம்.

“றெக்கைல கோடெல்லாம் ரொம்பச் சன்னமா இருக்கு. அப்படியே அடிச்சா மூணு துவைப்புல போயிரும். இவ்வளவு மெனக்கெட்டு வரைஞ்சிருக்காங்க, கெடுக்க மனசு வரல. வேற மை போட்டு அடிச்சுப் பாத்தேன், இப்ப நல்லா வந்திருக்கு. அதான் லேட்டு.”

“அந்த ரியா ஒண்ணும் சொல்லலையே?” என்றேன்.

“அது மிஷினுக்கா. ஆளு கிடையாது.”

வாசலில் நின்று சிரித்துவிட்டேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 28, சனி

பெட்டி வந்தது. பிரித்தேன். துணி கெட்டி, நிறம் பாசி மாதிரி பச்சை. தும்பி அப்படியே எழுந்து பறந்துவிடும் போலிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து சோபாவில் அடுக்கினேன்.

பன்னிரண்டு.

கடைசியாக இருந்தது முழுக்கை. முதுகில் தமிழில், உலகம்மை.

சோபாவில் இடமில்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அழித்தேன். இரண்டு தடவை அழித்தேன். ஃபாரத்தைப் பூட்டினேன். பிறகு எந்த வழியாக வந்தாள் இவள்?

திரவியத்தைக் கூப்பிட்டேன்.

“ஆமாக்கா, உங்க க்ளப்ல ஒருத்தர் ஆபீஸ் நம்பரைத் தேடிப் புடிச்சுக் கூப்பிட்டாரு. ஒண்ணு கூட்டி அடிங்க, அதே பெட்டில போடுங்கன்னாரு. பணமும் அவரே கட்டிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

“பேர் என்ன?”

“கேக்கலயே. வயசாளி. நாரோயில் பக்கத்துப் பேச்சு.”

வயசாளி. கிரீஷ் இல்லை.

கிரீஷ் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாகர்கோவில் பேச்சு இரண்டு பேருக்குத்தான். ஹரிகுமார் சார், வேலப்பன் அண்ணாச்சி. இரண்டு குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. சார்தான் வெட்டிக் களையச் சொன்னவர்.

நாளைக்கு அண்ணாச்சியைப் பார்க்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன்.

செப்டம்பர் 30, திங்கள்

ஸ்கூல் விட்டு நேரே வேலப்பன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஒரு ஆட்டோவின் ஹாரனைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், என் கையில் இருந்த பையைப் பார்த்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வந்துட்டுதா?” என்றார்.

“வந்துடுத்து. நீங்கதானா?”

“நாந்தான்.”

“போன்ல தமிழ் அடிப்பேளா நீங்க?”

“அடிக்க எங்க தெரியும்? பேசினா அதுவே எழுதும்லா.”

எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு மாதமாகத் துப்புத் துலக்குகிறேன், இது தோன்றவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். உலகம்மை போனக்காட்டு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளினவள். வேலை நின்றபின் மிளகு பறிக்க, விறகு வெட்ட என்று கிடைத்த கூலிக்குப் போகிறாள். இரண்டு வருஷம் முன்னால் கணக்கெடுப்பில் வழிகாட்ட வந்தாள். நான் அந்த வருஷம் போகவில்லை, அம்மாவுக்கு ஆபரேஷன். முதல் நாள் அட்டைக்கடி தாங்காமல் எல்லாரும் வேனுக்குத் திரும்பிவிட்டார்கள். அண்ணாச்சியும் அவளும் மட்டும் ஓடை வழியே மேலே போயிருக்கிறார்கள்.

“ஒரு பாறையைக் காட்டி, ‘அண்ணாச்சி, இது மத்தது மாதிரி இல்ல, கழுத்தைப் பாருங்க’ன்னா. நான் பாத்தேன். ராத்தங்கலுக்கு வந்து ஹரிகுமார் சார்கிட்ட சொன்னேன். மறுநா காலைல அவளே சாரைக் கூட்டிட்டுப் போனா. சார் படம் எடுத்தாரு. பொறவு புஸ்தகத்துல பாத்தா கண்டவர் ஹரிகுமார். அவ பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கணும். சார் எனக்கு எத்தனையோ உபகாரம் செய்த ஆளு டீச்சரே. நேருக்கு நேர் கேக்க நாக்கு எழும்பல. ஒரு சட்டையாவது அவளுக்குப் போகட்டும்னு நெனச்சேன். பேரைப் பாத்து யாராவது யாருன்னு கேப்பா, அப்பம் சொல்லிரலாம்னு.”

“நான் கேட்டேனே. குழுவில கேட்டேனே.”

“கேட்டிய. எனக்குத்தான் தைரியம் வரல.”

“வயல்ல அந்தப் பையனைக் கேட்டப்போ?”

அவர் ஹாரனை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை அதில். “அதுதான் எனக்கு உறக்கம் இல்லாம ஆக்கினது” என்றார்.

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. வரியை அழித்தவள் நான்.

அக்டோபர் 2, புதன்

லீவு. கிரீஷுக்கு ஐந்து தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினேன். பைபாஸில் முக்கால் மணி நேரம் அசையவில்லை. அவன் ஹாஸ்டல் வாசலில் நின்று ‘கீழே நிற்கிறேன்’ என்று மெசேஜ் போட்டேன்.

இறங்கி வந்தான். நான் மனப்பாடம் செய்து கொண்டுபோனது ஒன்றும் வாயில் வரவில்லை. “தப்புப் பண்ணிட்டேன் கிரீஷ். நீ இல்லே அது. எல்லார் முன்னாலயும் சொன்னேன், எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன்.”

“சாரமில்ல சேச்சி.” பரவாயில்லையாம்.

“அந்தக் கேலி விஷயமும்...”

அதற்குத்தான் அவன் தலையை நிமிர்த்தினான். தமிழும் மலையாளமுமாகச் சொன்னான்: “கேலி அல்ல. எங்க வீட்டுல இப்ப ஆரும் தமிழ் பேசறதில்ல. அப்பா போன பின்னே ஆருமே இல்ல. சேச்சி பேசுந்நது கேட்டு, சொல்லி நோக்கினதாணு. படிக்கான்.”

படிப்பதற்காக. என்னைக் கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறான்.

டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டான். அச்சு நன்றாக வந்திருக்கிறது என்றான். இருபதாம் தேதி போனக்காட்டுக்கு வருவாயா என்று கேட்டேன். “இல்ல சேச்சி. ஞான் வரில்ல.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது ஜன்னலோர சீட் கிடைத்தது. ஒன்றும் பார்க்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆக்குளத்தில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன், கிரீஷ் மேல் நான் சொன்னது பொய் என்று. கலைந்தபின் ஹரிகுமார் சாரைத் தனியாக நிறுத்தினேன்.

“ஆகஸ்டுல நான் பேரே சொல்லலை சார். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். “பன்னிரண்டாவதா ஒரு ஆளுன்னு நீங்க சொன்னதும் எனக்கு வேற ஆரையும் தோணல்ல டீச்சர்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுப்பார் என்றுதான் வந்திருந்தேன்.

“அப்போ அவ பேரைப் போட்டிருக்கலாமே?”

“படம் எடுத்த ஆளுக்க பேரைப் போடுது வழக்கம்.”

“யார் வச்ச வழக்கம்?”

“கூலிக்கு வந்தவ டீச்சர். அவளுக்கு இந்த ரிப்போர்ட்டு வச்சு எந்தா காரியம்?” சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “சட்டையைக் கொண்டு வாங்க. நான் தடுக்கல்ல” என்று கார் பக்கம் போனார்.

அக்டோபர் 20, ஞாயிறு

போனக்காடு. கை வலிக்கும்வரை எழுத வேண்டும் போலிருக்கிறது.

விதுரை தாண்டி, செக்போஸ்டில் அனுமதிச் சீட்டைக் காட்டி, எட்டு மணிக்கு எஸ்டேட்டில் இருந்தோம். எல்லாரும் பச்சை டி-ஷர்ட்டில். பழைய தொழிற்சாலைக்குக் கீழே வளைவில் உலகம்மை நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைகளின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் உப்புத்துணி முடிச்சு. அட்டைக்கு.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கையை நீட்டவில்லை. “இது எதுக்கு?”

“உங்களுக்குத்தான். பேர் போட்டிருக்கு.”

“எங்கயாவது கையொப்புப் போடணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“போட்டுட்டு போட்டோக்கு நிக்கணுமா? ஒருக்கா கம்பளி குடுக்கோம்னு வந்து எங்க எல்லாரையும் நிப்பாட்டி போட்டோ எடுத்தாக. போட்டோதான் போச்சு, கம்பளி வரல.”

இந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் ரியாவைப் பார்த்த பார்வை. எனக்குக் கோபம் வரவில்லை. “போட்டோ கிடையாது. துணியைத் தொட்டுப் பாருங்கோ. பிடிக்கலேன்னா நான் திருப்பி எடுத்துண்டு போறேன்” என்றேன்.

தொட்டுப் பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். முதுகுப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். “எல்லாரும் உலகான்னுதான் கூப்பிடுவாக. முழுப் பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் கிடக்கு” என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

பிறகு முன்பக்கம் திருப்பினாள். தும்பியைப் பார்த்தாள். எங்கள் எல்லாருடைய நெஞ்சையும் வரிசையாகப் பார்த்தாள்.

“இது அது இல்லையே.”

“எது?” என்றார் ஹரிகுமார் சார்.

“நான் காட்டினது இது இல்ல சார். இதுக்கு வால் நுனில வெள்ளை கிடக்கு. அதுக்குக் கிடக்காது. இது கீழ பாலத்துக்கிட்ட எம்புட்டு வேணும்னாலும் கிடக்கே.”

நான் குனிந்து என் டி-ஷர்ட்டைப் பார்த்தேன். வால் நுனியில் நகக்கண் அளவுக்கு வெள்ளை. அந்த போட்டோவை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். வெளிச்சம் பட்டிருக்கிறது என்றே நினைத்தேன். கிரீஷ் மட்டும் உள்ளதை உள்ளபடி வரைந்திருக்கிறான். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அந்த போட்டோவை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

சார் முகம் வெளுத்துவிட்டது. “அன்னைக்குச் சாரல். எனக்க கண்ணாடி நனைஞ்சிருந்தது” என்றார், யாரிடமோ.

“வாங்க, காட்டுதேன்” என்றாள் அவள். டி-ஷர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். “மலையில போட்டுக் கிழிக்கவா?” என்றாள்.

ஓடை வழியே ஒரு மணி நேரம் ஏறினோம். என் காலில் மட்டும் ஏழு அட்டை. இந்தத் தடவை ஒருவரும் வேனுக்குத் திரும்பவில்லை. ஒரு பெரிய பாறைக்கு முன்னால் உலகம்மை கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். வெயில் ஒரு கீற்று விழுந்ததும் அது வந்து உட்கார்ந்தது. கழுத்தில் கறுப்புப் பட்டை. வால் நுனிவரை ஒரே நீலம். வெள்ளை இல்லவே இல்லை.

சார் முழங்கால் தண்ணீரில் நின்றார். கேமரா கழுத்தில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதைத் தூக்கவே இல்லை. பிறகு கேட்டார்: “எத்தனை வருஷமா பாக்குதே இதை?”

“கொழுந்துக்கு வந்த நாள்ல இருந்து. தண்ணி குடிக்க வந்தா இது இருக்கும்.”

“அன்னைக்கு நான் எடுத்தது வேறன்னு ஏன் சொல்லல்ல?”

“நீங்க கேக்கலையே சார். படம் எடுத்ததும் கிளம்பிட்டீக.”

அதற்குப் பிறகுதான் அவர் கேமராவை எடுத்தார். நாலைந்து படம் எடுத்ததும் அவளிடம் திரையைக் காட்டி, “இதுதானே?” என்றார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இதுதான்” என்றாள். அடுத்ததையும் காட்டினார். அடுத்ததையும்.

இறங்கும்போது அண்ணாச்சி எனக்குப் பின்னால் வந்தார். அழுதாரா, வியர்வையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஹரிகுமார் சார் குழுவில் எழுதியிருக்கிறார். இரண்டு வருஷம் முன்னால் வந்த படம் தவறு, தவறு தன்னுடையது, திருத்தம் அச்சாகும். தும்பியைக் காட்டியவரின் பெயரைத் தான் விட்டுவிட்டதாகவும். நீளமாக இல்லை. யாரும் பொம்மை எதுவும் போடவில்லை.

சார் எடுத்த புது போட்டோவை கிரீஷுக்கு அனுப்பினேன். ‘நீ வரைஞ்சதுல தப்பில்லே. நாங்க பார்த்ததுதான் தப்பு.’

அக்டோபர் 25, வெள்ளி

கிரீஷிடமிருந்து பதில் இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

கிரீஷ் ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறான். வேறு ஒரு வார்த்தை இல்லை. புதுத் தும்பி, வால் நுனிவரை நீலம். கீழே தன் கையெழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறான்: ‘கருங்களுத்தி’.

ழ வரவில்லை. நான் திருத்தவில்லை. அவன் இன்னும் குழுவில் சேரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. எங்கேயும் போகவில்லை. பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன், விட்டு விட்டுக் கேட்டது.

“டீச்சரா? உலகம்மை பேசுதேன். அண்ணாச்சிதான் நம்பர் தந்தாக. இங்க மேட்டுக்கு வந்தாத்தான் லைன் கிடைக்கும். இன்னைக்கு ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு அந்தப் பாறை, ஒண்ணு அதுக்கும் மேல. சொல்லணும்னு தோணிச்சு.”

“இருங்கோ, பேனா எடுத்துக்கறேன்” என்றேன்.

படம் இருக்கிறதா, கூட யாராவது பார்த்தார்களா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு, வெயிலா மூட்டமா என்று மட்டும் கேட்டுக் குழுவின் நோட்டில் எழுதினேன்.

கருங்கழுத்தி, இரண்டு. காலை எட்டேகால், இளவெயில். கண்டவர்: உலகம்மை.